நாளிதழ் நையாண்டிப் பத்திகளைப் புத்தகமாகத் தொகுப்பது எப்படி? புதுச்சேரி, கடலூர் பத்தியாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அரசியல் நையாண்டிப் பத்தி, அன்றைய தலைப்புச் செய்தியைப் படித்து முடித்த வாசகருக்காக எழுதப்படுவது. செய்தி முதல் பக்கத்தில், பத்தி நாலாம் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவில் ஒரு டீ. அதே பத்தி பத்து வருஷம் கழித்துப் புத்தகத்தில் வரும்போது அந்த முதல் பக்கம் கூடவே வருவதில்லை. பெயர்கள் மறந்திருக்கும், பதவிகள் மாறியிருக்கும். அந்த முதல் பக்கத்தை வாசகரின் கைக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதில்தான் தொகுப்பாளரின் உழைப்பில் பெரும்பங்கு போகும்.

இது நம் ஊருக்குப் புதிய சிக்கலும் அல்ல. 1908-ல் புதுச்சேரிக்கு வந்த பாரதி, இங்கிருந்து வெளியிட்ட ‘இந்தியா’ வார இதழில் அரசியல் கேலிச்சித்திரங்களை முதல் பக்கத்தில் போட்டார். அன்றைக்கு வாங்கியவருக்குப் பார்த்த உடனே புரிந்தது. இன்றைக்கு அக்காலக் காங்கிரஸில் மிதவாதிகள் யார், தீவிரவாதிகள் யார், அந்நாளில் வைஸ்ராய் யார் என்று கீழே ஒரு குறிப்பு இல்லாவிட்டால் கல்லூரி மாணவருக்கும் பாதி விளங்காது.

முதல் வேலை: கத்தரித்து வைத்த துணுக்குகளைத் திரட்டி ஸ்கேன் செய்தல்

நாளிதழ்த் தாள் ஏறத்தாழ 45 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 45 கிராம்) எடையுள்ள மெல்லிய தாள். மரக்கூழிலுள்ள லிக்னின் நீக்கப்படாததால் வெளிச்சம் பட்டாலே மஞ்சளாகி நொறுங்கும். கடலோர ஊர்களில் காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பசை காய்ந்து பழுப்புக் கறை எழுத்தின் மேலேயே நிற்கும். லேமினேஷனும் வேண்டாம். பிறகு அதைப் பிரிக்கவே முடியாது. துணுக்குகளைக் கெட்டி அட்டை ஃபைலில் தட்டையாக வைத்து, தரைத்தளத்தில் வைக்காமல் மேல் அலமாரியில் வையுங்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே நனைந்து ஒட்டிக்கொண்ட கட்டு இருந்தால் ஈரத்தோடு பிரிக்காதீர்கள், வெயிலிலும் போடாதீர்கள். உறிஞ்சுதாள் மேல் வைத்து, மின்விசிறிக் காற்றில் ஒன்றிரண்டு நாள் விட்டால் ஓரங்கள் தானாக விடும். அதன்பின் ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

ஸ்கேன் செய்யும்போது 400 டிபிஐ, கிரேஸ்கேல் போதும். கருப்பு-வெள்ளை மட்டும் என்ற அமைப்பில் எடுத்தால் மெய்யெழுத்துப் புள்ளிகள் போய்விடும். இன்னொரு நுணுக்கம்: துணுக்கின் முதுகில் ஒரு கருப்புத் தாளை வைத்து மூடி எடுங்கள். வெள்ளை மூடி இருந்தால் பின்பக்க விளம்பரத்தின் எழுத்து முன்பக்கத்தில் ஊடுருவித் தெரியும். கருப்புத் தாள் அந்த நிழலை விழுங்கிவிடும். படம் சற்று மங்கலாக வரும், மென்பொருளில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றிக்கொள்ளலாம்.

தேதி இல்லாத துணுக்குகள்தான் பெரிய தலைவலி. பத்தியை மட்டும் கத்தரித்து எடுத்தவர்கள் மேலே உள்ள தேதி வரியை விட்டுவிடுவார்கள். அப்போது பின்பக்கத்தைப் புரட்டுங்கள். சினிமா விளம்பரம், தங்கம் விலை, அணை நீர்மட்டம், டெண்டர் அறிவிப்பு ஏதாவது ஒன்று வாரத்தையாவது காட்டிக் கொடுக்கும். டெண்டர் அறிவிப்பில் கடைசித் தேதி அச்சாகியிருக்கும் என்பதால் அதுதான் இவற்றில் நம்பகமானது.

விடுபட்ட பத்திகளுக்கு முதலில் நாளிதழ் அலுவலகத்தின் பைண்ட் செய்த கோப்பைக் கேளுங்கள். கேட்கும்போது எந்தப் பதிப்பு என்று சொல்ல வேண்டும். புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பக்கங்கள் சென்னைப் பதிப்பில் இருக்காது. நூலகங்களில், 1827-ல் தொடங்கிய புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்தில் விசாரித்துவிட்டு, பழைய இதழ்களுக்குச் சென்னையின் கன்னிமாரா, ரோஜா முத்தையா நூலகங்களுக்குப் போகலாம்.

பட்டியல்

ஒரு விரிதாளைத் திறந்து ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வரிசை போடுங்கள். வெளியான தேதி, நாளிதழ், பதிப்பு, தலைப்பு, சொல் எண்ணிக்கை, எந்த நிகழ்வைப் பற்றியது, அந்த நிகழ்வு நடந்த தேதி, பெயர் சுட்டப்பட்டவர்கள், எடுப்பதா விடுவதா என்ற முடிவு. வெளியான தேதியும் நிகழ்வு தேதியும் தனித்தனிக் கட்டங்களில் இருக்க வேண்டும். ஞாயிறு இணைப்பில் வரும் பத்தி பெரும்பாலும் பல நாள் முன்னதாகவே பக்கத்துக்குப் போயிருக்கும். வெள்ளிக்கிழமை கவிழ்ந்த அரசை ஞாயிற்றுக்கிழமைப் பத்தி ‘அசைக்க முடியாத அரசு’ என்று எழுதியிருந்தால் அது தீர்க்கதரிசனப் பிழையாகத் தோன்றும், உண்மையில் அது அச்சு அட்டவணை.

எதை எடுப்பது, எதை விடுவது

இருநூறு பத்தி இருந்தால் அறுபதுக்கு மேல் எடுக்காதீர்கள். வாரம் ஒன்று படிக்கும்போது சலிக்காத உத்தி, ஒரே மூச்சில் முப்பது படிக்கும்போது பல்லிளிக்கும். தலைவரின் கனவில் நாரதர் வருவது, டீக்கடை பெஞ்சில் இரண்டு பேர் பேசுவது, வேற்றுகிரகவாசி சட்டமன்றம் பார்க்க வருவது எல்லாம் நல்ல உத்திகள்தான். ஒவ்வொன்றிலும் மிகச் சிறந்த இரண்டு, மூன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

தேர்வுக்கு நம்பகமான சோதனை ஒன்று உண்டு. அந்த நிகழ்வு நடந்தபோது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒருவரை உட்கார வைத்துப் பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். சிரிக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. ‘அது யாரு?’ என்று கேட்கிற இடத்தில் ஒரு வட்டம். கோடு மூன்றுக்கு மேல் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். வட்டம் நாலுக்கு மேல் போனால், எவ்வளவு பிரபலமான பத்தியாக இருந்தாலும், குறிப்புப் போட்டுக் காப்பாற்றுவது கடினம்.

யோசிக்காமல் விட வேண்டியவையும் உண்டு: ஒருவரின் நிறம், உடல்வாகு, நோய், சாதி, பெண் அரசியல்வாதியின் உடை இவற்றின் மேல் நிற்கிற நகைச்சுவை. நாளிதழில் அது ஒருநாளோடு போயிருக்கும். புத்தகத்தில் பத்தியாளரின் பெயரோடு நிரந்தரமாக நிற்கும்.

ஒரே பொருளில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டவற்றை உடனே கழித்துவிடாதீர்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015 இறுதியில் பெருவெள்ளம், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல். மூன்று முறையும் அதிகாரிகள் சேதத்தைப் பார்வையிட்டதைப் பற்றிப் பத்தி இருந்தால் மூன்றையும் அடுத்தடுத்து வையுங்கள். தனித்தனியே சுமாராக இருந்தவை சேர்ந்து நிற்கும்போது பத்தியாளர் சொல்ல வந்தது பளிச்சென்று தெரியும். மற்றபடி புத்தகத்தைக் கால வரிசையில் கொண்டுபோவதே நல்லது. முழுக்கப் பொருள்வாரியாகப் பிரித்தால், முதல்வர் பதவியில் இருப்பதும் இறங்குவதும் மறுபடி ஏறுவதும் குழம்பிப் போகும்.

குறிப்பு எழுதுவது

புத்தகம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். ஒவ்வொரு பத்திக்கும் தலைப்பின் கீழே, பத்தி தொடங்கும் முன், சிறிய எழுத்தில் குறிப்பு வர வேண்டும். அடிக்குறிப்பாகவோ பின்னிணைப்பாகவோ போட்டால் வாசகர் சிரிக்க வேண்டிய இடத்தில் பக்கம் புரட்டிக்கொண்டிருப்பார். அளவு இருபத்தைந்து சொல்லுக்குள். அதில் தேதி, யார், என்ன நடந்தது, அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு, பத்தியில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘முப்பது பேரை நாம் வரிசையில் நின்று தேர்ந்தெடுத்தோம். மீதி மூன்று பேர் கூரியரில் வந்தார்கள்.’

கெட்ட குறிப்பு இப்படி இருக்கும்: ‘நியமன உறுப்பினர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படாமல் டெல்லியிலிருந்து அனுப்பப்பட்டதை ஆசிரியர் கூரியர் என்று கிண்டல் செய்கிறார்.’ இது நகைச்சுவையை முன்கூட்டியே உடைத்துவிடுகிறது. வாசகர் அந்த வரிக்கு வரும்போது அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

நல்ல குறிப்பு: ‘2017 ஜூலை. புதுச்சேரி சட்டப்பேரவையின் 30 தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களோடு, மூன்று நியமன உறுப்பினர்களை மத்திய அரசு நேரடியாக நியமித்தது. மாநில அரசு எதிர்த்தது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நியமனம் செல்லும் என்றது.’ இதில் கூரியர் என்ற சொல்லே இல்லை. அதைக் கண்டுபிடிக்கிற மகிழ்ச்சி வாசகருக்கே மிஞ்சுகிறது.

குறிப்பில் பதவியோடு பெயரைச் சேர்த்தே எழுதுங்கள். ‘முதல்வர்’ என்று மட்டும் எழுதினால் ஐந்து வருஷத்தில் அது வேறொருவரைக் குறிக்கும். ‘2019 பிப்ரவரி. துணைநிலை ஆளுநர் கிரண் பேடியின் நடவடிக்கைகளை எதிர்த்து, முதல்வர் வே. நாராயணசாமி ராஜ்நிவாஸ் எதிரே தர்ணா இருந்தார்’ என்றால் எந்த ஆண்டில் படித்தாலும் குழப்பம் வராது.

புதுச்சேரிக்கென்றே உள்ள சொற்களுக்கும் கவனம் தேவை. மதுரையிலோ கோவையிலோ படிப்பவருக்குக் கொம்யூன் பஞ்சாயத்து (பல கிராமப் பஞ்சாயத்துகள் அடங்கிய உள்ளாட்சி அமைப்பு) என்றால் என்னவென்று தெரியாது. காரைக்கால், மாஹே, ஏனாம் இங்கிருந்து விலகி வெவ்வேறு மாநிலங்களை ஒட்டிக் கிடந்தும் ஒரே சட்டப்பேரவைக்குள் வருகின்றன என்பதும் பலருக்குத் தெரியாது. நவம்பர் 1-ஐயும் ஆகஸ்ட் 16-ஐயும் வைத்து எழுதிய பத்தி, 1954-ல் பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் கைமாறியதும் 1962-ல் சட்டப்படி கைமாறியதும் தெரிந்தால்தான் சிரிக்க வைக்கும். இத்தகைய பொது விவரங்களை ஒவ்வொரு குறிப்பிலும் திரும்பச் சொல்லாமல், புத்தகத்தின் தொடக்கத்தில் ஒன்றரைப் பக்க முன்குறிப்பாகக் கொடுத்துவிடுங்கள்.

குறிப்பிலுள்ள ஒவ்வொரு தேதியையும் பத்தியிலிருந்து எடுக்காமல், அந்நாளைய செய்திப் பக்கத்திலிருந்து சரிபார்க்க வேண்டும். நையாண்டி எழுதுபவர் எண்களை ஊதிப் பெரிதாக்குவார். அது அவருடைய உரிமை, குறிப்புக்கு அந்த உரிமை கிடையாது.

உரிமையும் வழக்கும்

பத்தியாளர் வெளியிலிருந்து எழுதியவர் என்றால், எழுத்தில் உரிமையை மாற்றிக் கொடுத்திருந்தாலொழிய, பதிப்புரிமை அவருடையதே. சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் விஷயத்தில் பலர் தவறாக நினைக்கிறார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி, பணியாளர் எழுதியதை நாளிதழிலும் பருவ இதழிலும் வெளியிடும் உரிமை மட்டுமே இதழின் உரிமையாளருக்கு. வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, புத்தகமாக்கும் உரிமை எழுதியவரிடமே நிற்கும். நாளிதழில் வேலை பார்த்த கேலிச்சித்திரக்காரருக்கும் இது பொருந்தும் என்பதால், பத்தியோடு வந்த சித்திரத்தைச் சேர்க்க அவரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். பணி நியமனக் கடிதத்தை எடுத்து, ‘எல்லா உரிமையும் நிறுவனத்துக்கே’ என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பத்தியாளர் மறைந்துவிட்டால், மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு வாரிசுகளுக்கு உரிமை. புனைபெயரில் எழுதி, எழுதியவர் யாரென்று வெளிவராமலே போனால், அந்த 60 ஆண்டு வெளியான காலத்திலிருந்து கணக்காகும். அனுமதிக் கடிதத்தில் எந்தெந்தப் பத்தி, அச்சா மின்நூலா இரண்டுமா, எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், ராயல்டி எவ்வளவு என்று எழுதுங்கள். உரிமை மாற்றத்தில் காலம் சொல்லாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்றும், இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும்.

அவதூறு விஷயத்தில், ‘அன்றைக்கு வழக்கு வரவில்லையே’ என்ற தைரியம் வேண்டாம். புத்தகம் ஒரு புது வெளியீடு. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் அவதூறு பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் இருக்கிறது. பொது வாழ்வில் இருப்பவரின் பொதுச் செயல்பாட்டை நல்லெண்ணத்துடன் விமர்சிப்பதற்கு அதில் விலக்கு உண்டு. சிக்கல் வருவது, கருத்து எங்கே முடிந்து தகவல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வரிகளில். ‘இந்தப் பாலம் போட்டவருக்கு ஆற்றைப் பிடிக்காது போல’ என்பது கருத்து. ‘பாலத்தில் பாதிப் பணத்தை விழுங்கினார்’ என்பது குற்றச்சாட்டு. இரண்டாவது வகை வரிகள் உள்ள பத்திகளை மட்டும் தனியே பிரித்து ஒரு வழக்கறிஞரிடம் கொடுங்கள். வழக்கிலிருந்து பிறகு விடுதலையானவரைப் பற்றிய பத்தியைச் சேர்த்தால், விடுதலையானார் என்று குறிப்பிலேயே சொல்லிவிடுங்கள். அது சட்டப் பாதுகாப்பு, நேர்மையும்கூட.

சட்டமன்ற உரிமை மீறல் என்பது தனி. 1987-ல் அட்டைப்பட நகைச்சுவைத் துணுக்கு ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டப்பேரவை மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. பெரும் எதிர்ப்பு எழுந்து சில நாட்களில் அவர் விடுவிக்கப்பட்டார். அவை நடவடிக்கையைச் சித்திரிக்கும் பத்திகளை இந்தக் கண்ணோடும் ஒருமுறை படியுங்கள்.

தட்டச்சும் மெய்ப்பும்

பத்தியாளரின் கணினியில் பழைய கோப்பு இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். நாளிதழில் இடம் போதாமல் வெட்டிய கடைசிப் பாரா அதில் முழுதாக இருக்கக்கூடும். பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்களில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றியபின் தேட வேண்டியவை: துணைக்காலுக்குப் பதில் ‘ர’ அடித்த இடங்கள், ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒள’, மேற்கோள் குறிகள் காணாமல் போனது.

ஸ்கேனிலிருந்து ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைக் கணினியே படித்துத் தட்டச்சாக்குவது) எடுத்தால் அதிகம் தொலைவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘கட்சி’ ‘கடசி’ ஆகும். ன, ண, ள மாறும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய துணுக்குகளில் பழைய ணை, லை, றா வடிவங்கள் இருப்பதால் ஓசிஆரை நம்பாமல் கையால் அடிப்பதே வேகம்.

நையாண்டிக்கு மட்டும் உரிய ஆபத்து ஒன்று உண்டு. ‘நாற் காலி’ என்று பத்தியாளர் வேண்டுமென்றே பிரித்திருப்பார். மெய்ப்பு பார்ப்பவர் அக்கறையாக ‘நாற்காலி’ என்று சேர்த்துவிடுவார், நகைச்சுவை போய்விடும். மேடைப் பேச்சாளரின் உச்சரிப்பைக் காட்டப் போட்ட எழுத்துப்பிழை, ‘இன்னாப்பா’ போன்ற நம் வட்டாரப் பேச்சு, எல்லாம் இப்படித்தான் திருத்தப்படும். மெய்ப்புக்குக் கொடுக்கும்போதே ‘தொடக்கூடாத சொற்கள்’ என்று ஒரு பட்டியல் இணையுங்கள். பக்க அமைப்பில் அந்தச் சொற்கள் வரி முடிவில் உடையாமலும் பார்க்க வேண்டும்.

பத்தியை இன்றைக்குத் தகுந்தாற்போல் புதுப்பிக்காதீர்கள். பழைய தலைவர் பெயரை எடுத்துவிட்டுப் புதிய பெயர் போட்டால் தேதியும் பத்தியும் ஒன்றை ஒன்று பொய்யாக்கும்.

பக்கமும் அச்சும்

டெம்மி அளவில் (ஏறத்தாழ 5.5 x 8.5 அங்குலம்), 11 புள்ளி எழுத்தில், ஒரு பக்கத்தில் சுமார் 200 சொல் அடங்கும். 450 சொல் பத்தி, தலைப்பு, குறிப்பு சேர்த்து மூன்று பக்கம் பிடிக்கும். 58 பத்திக்கு 174 பக்கம். முன்பக்கங்கள், முன்குறிப்பு, பெயர் அட்டவணைக்கு 18 சேர்த்தால் 192. பதினாறு பக்க ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதி) கணக்கில் சரியாகப் பன்னிரண்டு ஃபாரம். 194 வந்தால் மிச்சம் இரண்டு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஏறும். அப்போது ஒரு பத்தியைக் குறைப்பதே புத்தி.

பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனில் யூனிகோடு தமிழ் உடைந்து தெரிந்தால் பாரா அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம்.

அச்சகத்தில் விலை கேட்கும்போது எல்லோரிடமும் ஒரே விவரத்தைச் சொல்லுங்கள்: டெம்மி, 192 பக்கம், 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, ஒரு வண்ணம், அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு நான்கு வண்ணம், மேட் லேமினேஷன், பர்ஃபெக்ட் பைண்டிங். முந்நூறு பிரதிக்குக் கீழ் டிஜிட்டல் அச்சு, அதற்கு மேல் ஆஃப்செட் என இரண்டுக்கும் விலை வாங்கி ஒப்பிடுங்கள். புத்தகத்தின் முதுகுத் தடிமன் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் வரும். அட்டை வடிவமைப்பாளருக்கு இந்த அளவை ஊகமாகச் சொல்லாமல், அச்சகம் அனுப்பும் வெற்று மாதிரியை அளந்து சொல்லுங்கள்.

ஐஎஸ்பிஎன் எனப்படும் புத்தக அடையாள எண் இந்தியாவில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் இணையவழி விண்ணப்பிக்கலாம். அட்டை அச்சுக்குப் போகும் முன் எண் கையில் இருக்கும்படி முன்கூட்டியே போடுங்கள்.

புத்தகம் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதியும், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி பொது நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதியும் அனுப்ப வேண்டும் என்பது 1954 சட்டம். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ரோமன் ரோலண்ட் நூலகத்துக்கும் கடலூர் மாவட்ட மைய நூலகத்துக்கும் ஒவ்வொன்று கொடுத்தால், உள்ளூர் அரசியலைப் பின்னாளில் ஆராய வருபவர் தேடாமல் எடுப்பார்.

அச்சானதும் துணுக்கு ஃபைலைத் தூக்கிப் போட வேண்டாம். வெளியான முதல் மாதத்தில் ‘அந்தத் தேதி தப்பு, அன்றைக்கு நான் அங்கே இருந்தேன்’ என்று யாராவது ஒருவர் கட்டாயம் எழுதுவார். துணுக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியென்றால் உங்கள் பிரதியிலேயே சிவப்பு மையால் திருத்தி, பக்க எண்ணோடு கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். இரண்டாம் பதிப்பின் மெய்ப்பு அந்தப் பிரதியிலிருந்து தொடங்கும்.